லாரிக்குப் பேப்பர் ஏர் ஃபில்டரா, கழுவிப் போடும் ஃபில்டரா? தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேற்பட்ட காற்றோடுதான் ஓடும் என்பதால் உண்மைக் கணக்கு இன்னும் கூடும். 6 லிட்டர் எஞ்சின் ஒன்று 2000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாமலே நிமிடத்துக்கு 5000 முதல் 6000 லிட்டர் வரை காற்றை இழுக்கிறது. டர்போ முழு வீச்சில் இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அத்தனை காற்றுக்கும் வாசல் ஒரே ஒரு ஃபில்டர்தான்.

கழுவிப் போடும் ஃபில்டரை விற்பவர்கள் காற்றோட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். லாரி வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு: எவ்வளவு தூசு தப்பி உள்ளே போகிறது? இதை யார் கழுவி, காயவைத்து, ஆயில் போடப் போகிறார்? இந்த இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

தடுத்ததைப் பார்க்காதீர்கள், தப்பியதைப் பாருங்கள்

ஒரு ஃபில்டர் 99 சதவீதம் தூசைத் தடுக்கிறது, இன்னொன்று 96 சதவீதம் தடுக்கிறது என்றால் வித்தியாசம் வெறும் 3 என்று தோன்றும். எஞ்சினின் பக்கத்தில் நின்று பார்த்தால் கணக்கே மாறிவிடுகிறது. ஃபில்டரின் வாயிலுக்கு 1 கிலோ தூசு வந்தது என்று வைத்துக்கொள்வோம். 99 சதவீத ஃபில்டர் 10 கிராமை உள்ளே விடும். 96 சதவீத ஃபில்டர் 40 கிராமை விடும். அதாவது நான்கு மடங்கு. 99.9 சதவீத ஃபில்டரானால் 1 கிராம்தான்.

சாலைத் தூசில் கணிசமான பங்கு சிலிக்கா, அதாவது பொடி மணல். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸுக்கு 7. சிலிண்டரின் உட்சுவரான லைனரின் இரும்பைவிடக் கடினம். அதிலும் 5 முதல் 20 மைக்ரான் வரையிலான துகள்கள்தான் பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே உள்ள ஆயில் படலத்தில் புகுந்து அரைப்பவை. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்தால், இந்தத் துகளைத் தனியாகக் கண்ணால் பார்க்கவே முடியாது என்பது புரியும். எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்து, டிப்ஸ்டிக் வழியாகப் புகை தள்ளும்போதுதான் தெரியவரும். அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

எந்த வகை எப்படி வேலை செய்கிறது

பேப்பர் ஃபில்டர் என்பது ரெசின் ஏற்றிய செல்லுலோஸ் தாளை மடிப்பு மடிப்பாக மடித்தது. சிலவற்றில் தாளோடு செயற்கை இழை கலந்திருக்கும். விலை கூடியவற்றில் மேற்பரப்பில் மிக மெல்லிய நானோ இழைப் படலம் இருக்கும். இதன் பெரிய பலம், ஓட ஓட நன்றாக வடிகட்டும் என்பது. தாளின் மேல் படியும் தூசுப் படலமே இன்னொரு ஃபில்டராக மாறிவிடுகிறது. காற்று போவது மெல்ல மெல்லச் சிரமமாகும், ஆனால் வரும் காற்று முன்னைவிடச் சுத்தமாக இருக்கும். அழுக்காகத் தெரிகிறதே என்று அவசரப்பட்டு மாற்றுபவர்கள் நல்ல நிலையில் இருக்கும் ஃபில்டரைத்தான் தூக்கிப் போடுகிறார்கள்.

ஆயில் போட்ட காட்டன் ஃபில்டரில், கம்பி வலைகளுக்கு நடுவே பருத்தித் துணி அடுக்குகள் இருக்கும். துணியின் கண்கள் பெரியவை. பிசுபிசுப்பான ஆயில்தான் தூசைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஆயில் இல்லாத இடம் வெறும் துணி. ஒரே ஒரு மடிப்பில் ஆயில் படாமல் வெள்ளையாக விட்டாலும் அந்த வழியே தூசு தாராளமாகப் போகும். ஆயில் போட்ட ஃபோம் ஃபில்டரும் இதே கொள்கைதான். அது சேற்றையும் கரடுமுரடான தூசையும் நன்றாகத் தாங்கும், ஆனால் வருடங்கள் போனால் ஃபோம் பொடிந்து உதிரும்.

மூன்றாவது, ஆயில் தேவைப்படாத செயற்கை இழை ஃபில்டர். கழுவலாம், ஆயில் போட வேண்டியதில்லை, காற்றை அளக்கும் சென்சாரைப் பாழாக்காது. கழுவிப் போடுவதுதான் வேண்டும் என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் கருத்து.

படி 1: உங்கள் வண்டியில் இருப்பது என்ன?

ஏர் கிளீனர் மூடியைத் திறப்பதற்கு முன் எஞ்சினை அணைத்து, பெட்டியின் வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடையுங்கள். பிறகு மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, ஃபில்டரின் வடிவம். பிக்கப், சிறிய லாரிகளில் தட்டையான ஃபில்டர் இருக்கும். கனரக லாரியில் உருளை வடிவ ஃபில்டர். அதற்குள் மெல்லியதாக இன்னொரு உருளை இருந்தால் அது பாதுகாப்பு ஃபில்டர். வெளி ஃபில்டர் கிழிந்தாலோ, மாற்றும்போது தூசு உதிர்ந்தாலோ எஞ்சினைக் காப்பாற்றுவது அதுதான். காற்று அதிகம் வரட்டும் என்று அதைக் கழற்றி எறிவது மிகப் பெரிய தவறு. அதைக் கழுவவும் கூடாது, ஏர் அடிக்கவும் கூடாது. வெளி ஃபில்டரை மூன்று முறை மாற்றினால் ஒருமுறை இதையும் புதிதாக மாற்றுவது பொதுவான நடைமுறை.

இரண்டு, ஃபில்டருக்கு அடுத்த குழாயில், எஞ்சினுக்குப் போகும் காற்றின் அளவை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறதா என்பது. இருந்தால், ஆயில் போட்ட ஃபில்டர் உங்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து. அதிகப்படியான ஆயில் காற்றோடு பறந்து சென்சாரின் சூடான கம்பியிலோ படலத்திலோ ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் தூசு படியும். காற்றின் அளவு தப்பாகத் தெரியும். இழுவை குறையும், ஐடிலிங் தடுமாறும், பழுதைக் காட்டும் பி 0101 போன்ற கோட் வரும். பெட்ரோல் எஞ்சினில் பி 0171-ம் சேர்ந்து வரக்கூடும்.

மூன்று, பெட்டியின் அடியில் தொங்கும் ரப்பர் மூக்கு. கனரக லாரிகளில் சேரும் தூசையும் தண்ணீரையும் வெளியே தள்ளுவது இதுதான். விரலால் அழுத்தினால் மெத்தென்று பிரிந்து மீண்டும் சேர வேண்டும். வெடித்திருந்தால், கல்லாகியிருந்தால், கழன்று விழுந்திருந்தால் எந்த ஃபில்டர் போட்டும் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஃபில்டரின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லாத செலவு. ஆனாலும் அதிகம் கவனிக்கப்படாத பாகம் இதுவே.

படி 2: டப்பாவில் உள்ள எண்ணைப் படிப்பது

ஏர் ஃபில்டர்களைச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 5011. "இந்தத் தரப்படி சோதிக்கப்பட்டது" என்ற வாசகம் மட்டும் எதையும் சொல்லாது. எந்தத் தூசில், எவ்வளவு காற்றோட்டத்தில், என்ன விடை வந்தது என்று பார்க்க வேண்டும். சோதனைத் தூசில் பொடித் தூசும் உண்டு, பருந்தூசும் உண்டு. பருந்தூசைத் தடுப்பது எளிது என்பதால் அதில் வரும் சதவீதம் அழகாக இருக்கும். ஒன்றின் பருந்தூசு எண்ணையும் இன்னொன்றின் பொடித்தூசு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

இன்னும் ஒன்று. சதவீதம் இரண்டு வகை. புதிதாகப் போட்ட நிலையில் வருவது தொடக்கத் திறன்; அடைத்துக்கொள்ளும் வரை ஓடிய மொத்தக் கணக்கு திரள் திறன். கழுவிப் போடும் ஃபில்டருக்குத் தொடக்கத் திறனைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொரு முறை கழுவும்போதும் அது அந்தத் தொடக்க நிலைக்கே திரும்புகிறது. அதோடு எத்தனை கிராம் தூசைத் தாங்கும் என்ற எண்ணும் இருந்தால் நல்லது. எந்த எண்ணையும் தராமல் "அதிகக் காற்று, அதிக சக்தி" என்று மட்டும் எழுதியிருக்கும் டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம்.

படி 3: உண்மையில் அடைப்பு இருக்கிறதா என்று அளப்பது

கண்ணால் பார்த்து ஃபில்டரின் ஆயுளைத் தீர்மானிக்க முடியாது. அளக்க வேண்டும். பல லாரிகளில் ஏர் கிளீனர் மேலேயோ டேஷ்போர்டிலோ அடைப்பு இன்டிகேட்டர் இருக்கும். பட்டனை அழுத்தி ரீசெட் செய்துவிட்டு, லோடு ஏற்றி ஒரு மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டுங்கள். பிறகு எஞ்சினை அணைத்துப் பாருங்கள். எட்டிய உச்ச அளவிலேயே முள் நின்றிருக்கும்.

இன்டிகேட்டர் இல்லையென்றால், ஃபில்டருக்குப் பிந்தைய குழாயில் அளவெடுக்கும் முனை இருக்கிறதா பாருங்கள். அதில் வேக்குவம் கேஜ் மாட்டலாம். ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றியும் அளக்கலாம். இரு பக்க நீர்மட்டங்களுக்கு இடையிலான வித்தியாசமே அளவு. 102 மில்லிமீட்டர் என்றால் 1 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). யு-வின் இரு கைகளும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் தண்ணீரை எஞ்சின் உறிஞ்சிவிடும். இந்த அளவை வண்டி நிற்கும்போது மட்டுமே எடுங்கள். ஆனால் ஒரு விஷயம்: டர்போ எஞ்சின் லோடு இல்லாமல் நிற்கையில் முழுக் காற்றை இழுக்காது, வரும் எண் குறைவாகவே இருக்கும். அதைப் பார்த்து ஃபில்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். புது ஃபில்டரில் அதே ஆர்.பி.எம்.மில் வந்த எண்ணோடு ஒப்பிட மட்டும் அது பயன்படும்.

கனரக டர்போ டீசலுக்கு வழக்கமான உச்ச வரம்பு 25 இன்ச் தண்ணீர், அதாவது சுமார் 6.2 கிலோபாஸ்கல். டர்போ இல்லாத எஞ்சினுக்கு 15 முதல் 20 இன்ச். உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே செல்லும்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு காற்றோட்ட விளம்பரத்தைத் திரும்பப் பாருங்கள். ஒரு காட்டன் ஃபில்டர் பேப்பரைவிட 1 கிலோபாஸ்கல் குறைவான தடையைத் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். லாபம் சுமார் 1 சதவீதம், அதுவும் முழு ஆக்சிலரேட்டரில் மட்டும். கம்பெனி செட்டிங்கில் ஓடும் டர்போ டீசலில் ஓட்டுநருக்கு இது தெரியவே தெரியாது. மைலேஜும் அப்படித்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நவீன இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளில் நன்றாக அடைத்துக்கொண்ட ஃபில்டர்கூட மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. பாதிக்கப்பட்டது வண்டி வேகமெடுக்கும் திறன் மட்டுமே. ஃபில்டரை மாற்றி மைலேஜ் கூட்டலாம் என்ற எண்ணத்தில் இதை வாங்க வேண்டாம்.

படி 4: முடிவெடுப்பது

கல் குவாரி, சிமென்ட், செங்கல், மண் வேலை, அறுவடைக் காலத்து வயல்வெளி: இங்கே ஓடும் லாரிக்குப் பேப்பர்தான். முடிந்தால் நானோ இழைப் படலம் உள்ளது, பாதுகாப்பு ஃபில்டரோடு, இடம் இருந்தால் காற்றைச் சுழற்றிப் பருந்தூசை முன்பே பிரிக்கும் பிரீ-கிளீனரும் சேர்த்து. இங்கே காட்டன் ஃபில்டரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வரும் தூசு அதிகமாக இருக்கும்போது தப்பும் சதவீதத்தின் ஒவ்வொரு புள்ளியும் கிராம் கணக்கில் லைனரைத் தேய்க்கும்.

நெடுஞ்சாலையில் ஓடும் சரக்கு லாரிக்கும் பேப்பரே வசதி. இன்டிகேட்டர் சொல்லும்வரை திறக்க வேண்டியதில்லை. மாற்ற பத்து நிமிடம். யார் மாற்றினாலும் விடை ஒன்றாகவே இருக்கும், பல ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் வண்டிக்கு இது பெரிய நிம்மதி.

கழுவிப் போடும் ஃபில்டர் பொருந்துவது எங்கே என்றால், உரிமையாளரே ஓட்டி, அவரே கழுவும் பிக்கப் அல்லது சிறிய லாரி, பெரும்பாலும் தார்ச்சாலை. பேப்பர் ஃபில்டர் கிடைப்பதே சிரமமான தொலைதூர வேலைகளுக்கும் பொருந்தும். தண்ணீர் அடிக்கடி தெறிக்கும் பாதைக்கும் அப்படியே, ஏனென்றால் நனைந்த பேப்பர் ஊதிப்போய்க் காற்றை மறிக்கும், நைந்துபோன பிறகு கிழியவும் செய்யும்.

செலவுக் கணக்கை நீங்களே போடுங்கள். பேப்பர் ஃபில்டரின் விலையை 1 என்று வையுங்கள். கழுவும் ஃபில்டர் 4, ஒருமுறை கழுவ ஆகும் கிளீனரும் ஆயிலும் கால் பங்கு என்றால், நான்காவது கழுவலில் இரண்டும் சமமாகிவிடும். ஆனால் கழுவிய ஃபில்டர் காய ஒரு நாள் ஆகுமே! வண்டி நிற்கக் கூடாது என்றால் இரண்டு வாங்க வேண்டும். அப்போது சமமாவது பத்தாவது முறையில்தான். வருடத்துக்கு ஒருமுறை ஃபில்டர் மாற்றும் வண்டிக்கு அது பத்து வருடம். வாங்கும்போது யாரும் போடாத கணக்கு இது.

படி 5: மாட்டும் முறை

எவ்வளவு நல்ல ஃபில்டரானாலும் ஓரத்தில் இடைவெளி இருந்தால் வீண். பழைய ஃபில்டரை உலுக்காமல், மெதுவாக ஆட்டி சீலை விடுவித்து வெளியே எடுங்கள். உடனே எறிந்துவிடாதீர்கள், அதன் ரப்பர் விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள். தூசுப் பக்கத்துக்கும் சுத்தப் பக்கத்துக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தது போலத் தெளிவான எல்லை இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அந்தக் கோடு உடைந்து, சுத்தப் பக்கத்தில் விசிறி விரித்தாற்போலச் சாம்பல் நிறத் தடம் தெரிந்தால், அந்த வழியே தூசு கசிந்திருக்கிறது. பெட்டியின் அதே இடத்தில் விரிசலோ நெளிவோ இருக்கும்.

எஞ்சினுக்குப் போகும் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துக்கொண்டு, பெட்டியின் உட்புறத்தை ஈரத் துணியால் துடையுங்கள். ஏர் அடிக்காதீர்கள், தூசு போகக் கூடாத பக்கத்துக்கே பறக்கும். துடைத்ததும் துணியை எடுக்க மறக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றிச் சுத்தப் பக்கக் குழாயின் உள்ளே தடவிப் பாருங்கள். துணி மண்ணாக வந்தால், புது ஃபில்டர் மாட்டுவதற்கு முன் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

புது ஃபில்டரின் நடுவில் கைவைத்து அழுத்தாமல் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி அழுத்தி உட்காரவையுங்கள். மூடியின் கிளிப்பைப் பலவந்தமாக இழுத்துத்தான் மாட்ட முடிகிறது என்றால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை. ரப்பர் மூக்கு கீழ்நோக்கி இருக்கட்டும். ஓஸ் கிளாம்ப்களை இறுக்கி, இன்டிகேட்டரை ரீசெட் செய்யுங்கள்.

பேப்பர் ஃபில்டரை டயரில் தட்டித் தூசு உதிர்ப்பது, உட்புறமிருந்து ஏர் அடித்து மறுபடி மாட்டுவது ஆகிய இரண்டும் பரவலான பழக்கம், இரண்டும் எஞ்சினுக்குக் கேடு. தட்டினால் விளிம்பு நெளிந்து சீல் போகும். ஏர் அடித்தால் தாளில் ஊசித்துளை விழும். நல்ல வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும்.

படி 6: காட்டன் ஃபில்டரைக் கழுவும் முறை

புது ஃபில்டர் ஆயில் போட்டே வந்தால், மாட்டுவதற்கு முன் சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு முறை கழுவி ஆயில் போட்ட பின்னும் அந்த எடைக்கு அருகே வர வேண்டும். ஆயில் அதிகமா குறைவா என்ற சந்தேகத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

1. ஒட்டியிருக்கும் மண்ணை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.
2. இரு பக்கமும் அந்த ஃபில்டருக்கான கிளீனரை அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிடுங்கள். அதற்குள் காய்ந்துவிடக் கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் வேண்டாம். பருத்தியும் ரப்பரும் கெடும்.
3. சுத்தப் பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்கு, குழாயின் மெல்லிய தண்ணீரால் அலசுங்கள். திசை மாறினால் தூசு துணிக்குள் ஆழமாகப் புதையும். பிரஷர் வாஷர் துணியைக் கிழிக்கும்.
4. உதறிவிட்டு நிழலில் ஓர் இரவு முழுக்க காயவிடுங்கள். ஹீட் கன், ஏர் ஹோஸ் இரண்டும் கூடாது. சூட்டில் பருத்தி சுருங்கி ஓரத்தில் இடைவெளி விழும்.
5. நன்றாகக் காய்ந்ததும் அழுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு மடிப்பின் மேலும் ஒரே ஒரு கோடாக ஆயில் விடுங்கள். ஈரத்தில் ஆயில் ஊறாது.
6. இருபது நிமிடம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். ஆயிலுக்கு நிறம் போட்டிருப்பதே இதற்காகத்தான். வெளுத்த இடங்களில் மட்டும் ஒரு தொட்டு. சொட்டினால் அதிகம், சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள்.

ஃபோம் ஃபில்டரைப் பிழியலாம், முறுக்கக் கூடாது. எஞ்சின் ஆயிலை எந்த ஃபில்டருக்கும் ஊற்றாதீர்கள். அது பிசுபிசுப்பில்லாமல் வழிந்து எஞ்சினுக்குள் போய்விடும்.

சென்சாரில் ஆயில் படிந்துவிட்டால் அதற்கென்றே விற்கும் மாஸ் ஏர்ஃப்ளோ கிளீனர் ஸ்ப்ரே மட்டும். கார்புரேட்டர் கிளீனரோ பிரேக் கிளீனரோ வேண்டாம், பஞ்சாலோ விரலாலோ தொடவும் வேண்டாம். முழுதாகக் காய்ந்த பிறகே இக்னிஷனைப் போடுங்கள்.

அடிக்கடி கழுவுவதும் தவறுதான். திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூசு சுத்தப் பக்கத்தில் விழத்தான் செய்யும். எப்போது திறப்பது என்பதை எந்த வகைக்கும் இன்டிகேட்டரே சொல்லட்டும். கையேடு சொல்லும் உச்ச காலவரம்பை மட்டும் தாண்ட வேண்டாம்.

படி 7: தேர்வு சரியா என்று எஞ்சின் ஆயிலைக் கேட்பது

ஃபில்டர் வகையை மாற்றுவதற்கு முந்தைய ஆயில் சர்வீஸில் ஒரு சாம்பிளையும், மாற்றிய பிறகு வரும் இரண்டு சர்வீஸ்களில் ஒவ்வொரு சாம்பிளையும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே கிலோமீட்டர் ஓடிய ஆயிலாக இருக்கட்டும். பார்க்க வேண்டியது சிலிக்கான். அதோடு அலுமினியமும் இரும்பும் சேர்ந்து ஏறினால் தூசு உள்ளே போய் எஞ்சினைத் தேய்க்கிறது என்று பொருள். சிலிக்கான் மட்டும் தனியாக ஏறி, சமீபத்தில் எஞ்சினைப் பிரித்து சிலிக்கோன் சீலன்ட் போட்டிருந்தால், முதலில் அதைச் சந்தேகியுங்கள். அடுத்த ஒன்றிரண்டு ஆயில் மாற்றத்தில் அது இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஓஸ் இணைப்புகளையும் பெட்டியின் விளிம்பையும் மறுபடி சோதியுங்கள். கசிவே இல்லை, எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் கழுவும் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பருக்குத் திரும்புங்கள்.